பாட்டும் அச்சும்: ஊவாத் தோட்டப் பாடல்களின் இசைவடிவைப் பதிப்பித்தல் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வாய்மொழிப் பாடலொன்று ஏட்டில் ஏறும்போது அதன் ஒரு பாதியே ஏறுகின்றது. மறுபாதி பாடியவர் வாயிலேயே நின்றுவிடுகின்றது. ஏறுவது சொல், நிற்பது மெட்டு. தமிழில் இதுவரை வெளிவந்த நாட்டார் பாடற் றொகுதிகளுட் பெரும்பாலானவை சொல்லை மட்டுமே தருவனவாகும். தாலாட்டென்றும் தெம்மாங்கென்றும் ஒப்பாரியென்றும் தலைப்பிட்டு அவை பாடல்களை வகைப்படுத்துகின்றன. ஆயின் அத்தாலாட்டு எந்தச் சுரத்தில் தொடங்கி எங்கே இழைந்து எங்கே அடங்கியது என்பதை அறிய அப்பக்கங்களில் வழியில்லை. தொகுத்தோர்க்கு இசையறிவு இல்லாமையே இதற்குக் காரணம் எனக் கூறுதல் வழக்கம். அக்கூற்றில் உண்மை உண்டெனினும் அது முழு உண்மையன்று. மெட்டை எழுதத் தெரிந்தவர் எழுதிக் கொடுத்தாலும் அதை அச்சிடுதற்கு வேண்டிய எழுத்து அச்சகத்தில் இருந்ததா என்ற வினா பெரிதும் எழுப்பப்படவில்லை. ஊவா மாகாணத் தோட்டப் பாடல்களை முன்னிறுத்தி அவ்வினாவை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊவாவின் மலைச்சரிவுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொட்டுக் கோப்பிப் பயிருக்காகத் திறக்கப்பட்டன. 1869இல் இலங்கையிற் காணப்பட்ட இலைநோய் கோப்பியை வீழ்த்தியதன் பின்னர் தேயிலை அவ்விடத்தைப் பெற்றது. 1886இல் ஊவா தனி மாகாணமாக்கப்பட்டது. 1924இல் புகையிரதப் பாதை பதுளையை வந்தடைந்தது. பசறை, லுணுகலை, நமுனுகலை, தெமோதரை, ஹாலிஎல, பண்டாரவளை, அப்புத்தளை எனப் பரந்துகிடக்கும் தோட்டங்களில் குடியேறியோர் திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம், இராமநாதபுரம், புதுக்கோட்டை முதலிய தமிழகப் பகுதிகளினின்று வந்தோராவர். அவர்கள் கொண்டுவந்த உடைமைகளுட் சுங்கம் கேளாததும் கங்காணி கணக்கில் எழுதாததும் பாட்டு ஒன்றே. பிரட்டுக்கு அழைத்த தப்பின் ஒலியும், லயத்துத் தொட்டிலருகே எழுந்த தாலாட்டும், மாசி மாதக் காமன் கூத்தும், பொன்னர் சங்கர் கதையும், அருச்சுனன் தபசும் அவர்களது வாழ்வின் நிகழ்ச்சி நிரலாக அமைந்தன.

இப்பாடல்களைத் திரட்டுவதில் முன்னின்றவர் சி.வி. வேலுப்பிள்ளை ஆவார். அவரது மலைநாட்டு மக்கள் பாடல்கள் 1983இற் சென்னையில் வெளியாயிற்று. சாரல் நாடன் முதலியோர் இத்துறையைப் பின்னர் வளர்த்தனர். இம்முயற்சிகள் இல்லையெனிற் சொல்லும் அழிந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் சொல்லைக் காத்த அளவுக்கு மெட்டைக் காக்க இயலவில்லை. இதனிடையே பாடியோர் சமூகம் சிதறிற்று. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டு ஒப்பந்தம் இரு நாடுகளுக்கும் சமமாகப் பிரித்தது. தாய் ஒரு கரையிலும் மகள் மறு கரையிலும் ஆனபோது வாயிலிருந்து வாய்க்குச் செல்லும் மெட்டின் வழி அறுபட்டது. அவ்வழி அறுபட்ட இடத்தில் அச்சு கைகொடுத்திருக்க வேண்டும். அது ஏன் கைகொடுக்கவில்லை என்பதே ஈண்டு நோக்கற்பாலது.

இசையை அச்சேற்றுதல் உலகெங்கணும் கடினமான தொழிலாகவே இருந்துவந்துள்ளது. வெனிசு நகரத்துப் பெத்ருச்சி 1501இல் அசையும் எழுத்துகளைக் கொண்டு பல்குரல் இசைநூலை அச்சிட்டபோது ஒரே தாளை ஒன்றுக்கு மேற்பட்ட தடவை அச்சுப்பொறியில் ஏற்ற வேண்டியிருந்தது. கோடுகள் ஒரு முறையும் அவற்றின்மேற் சுரக்குறிகள் மற்றொரு முறையும் பதிக்கப்பட்டன. தாள் சற்றே விலகினும் சுரம் வேறாகிவிடும். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் லைப்சிக் நகரத்து பிரைட்கொப் ஒவ்வொரு குறியையும் சிறு துண்டுகளாகப் பிரித்து வார்த்து, அத்துண்டுகளைச் சேர்த்து முழுக்குறியை ஆக்கும் முறையைக் கண்டார். 1796 அளவில் செனபெல்டர் கல்லச்சு முறையைக் கண்டறிந்தபோது அதன் முதற் பயன்களுள் ஒன்று இசைத்தாள் அச்சிடுதலாகும். கல்லச்சில் எழுத்துப் பெட்டியே வேண்டியதில்லை; கையால் வரைந்த வடிவம் அப்படியே தாளில் இறங்கும்.

இவ்விரு நெறிகளையும் வேறுபடுத்தி அறிதல் இன்றியமையாதது. ஒன்று, குறியீட்டைத் தனித்தனி எழுத்தாக அடையாளங்கண்டு கோக்கும் நெறி. மற்றொன்று, பக்கத்தை ஒரு படமாகக் கொள்ளும் நெறி. முன்னதிற் குறி எதுவென அச்சகம் அறியும். பிழை கண்டவிடத்து ஒன்றை எடுத்து மற்றொன்றை வைக்கலாம். பின்னதில் வடிவம் பிழையாது; ஆயின் அது எதனைக் குறிக்கின்றதென அச்சகம் அறிய வேண்டுவதில்லை. இன்று கணினியில் எழும் சிக்கல்கள் யாவும் இவ்விரு நெறிகளுக்கும் இடைப்பட்ட முரண்பாட்டின் தொடர்ச்சியே எனலாம்.

தென்னாட்டு இசைநூல்களின் வரலாறும் இதனை வலியுறுத்தும். ஏ.எம். சின்னசாமி முதலியார் 1893இல் தென்னாட்டு உருப்படிகளை ஐரோப்பியக் கோட்டுக் குறியீட்டில் வெளியிட முனைந்தார். சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி 1904இல் எட்டையபுரத்தில் தெலுங்கெழுத்தில் வெளிவந்தது. கமகங்களுக்கெனத் தனிக்குறிகள் கொண்ட அந்நூலுக்கு எட்டையபுரம் சமஸ்தானத்தின் ஆதரவு இருந்தது. அதனைத் தமிழெழுத்தில் வெளியிடும் பணியைச் சென்னை மியூசிக் அக்காதெமி 1961இலேயே தொடங்கியது. ஐந்து தொகுதிகளும் முற்றுப்பெற இருபது ஆண்டுகளுக்கு மேற் சென்றன. ஆபிரகாம் பண்டிதர் 1917இல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டபோது தஞ்சையில் அவருக்குச் சொந்தமான அச்சகமே இருந்தது. இலங்கையினின்று சென்ற பேரறிஞர் விபுலாநந்த அடிகளின் யாழ் நூலை 1947இற் கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது.

இவ்வெடுத்துக்காட்டுகளில் ஒரு பொதுமை உண்டு. அரசரோ, சங்கமோ, சொந்த அச்சகமோ பின்னின்ற இடத்திலேயே இசைநூல் தமிழ் வழங்கும் நாட்டில் அச்சேறியது. ஆசிரியனிடம் இருந்த குறியும் அச்சுக்கோப்பாளன் பெட்டியில் இருந்த குறியும் ஒன்றாக இருத்தற்குப் பொருள் வேண்டும். பொருளில்லாத ஆசிரியன், தன் குறியை அறியாத அச்சகத்துக்குக் கையெழுத்துப் பிரதியை அனுப்பும் நிலையினன். லயத்தில் வாழ்ந்தவரின் பாட்டுக்கு எட்டையபுரமும் இல்லை, தஞ்சையும் இல்லை. எனவே அச்சகம் அறிந்த குறியாகிய சொல் மட்டும் அச்சேறியது. அறியாத குறியாகிய மெட்டு கைவிடப்பட்டது.

தமிழெழுத்தில் சுரம் எழுதுவதற்கெனத் தனியே ஓர் இடர்ப்பாடும் உண்டு. ஸ, ரி, க, ம, ப, த, நி என்னும் ஏழெழுத்துகளையும் கொண்டு எழுதும் முறையில் குறில் ஓர் அலகையும் நெடில் ஈரலகையும் குறிக்கும். மேற்கோடுகள் காலத்தைக் காட்டும். எழுத்தின்மேல் இடும் புள்ளி தார ஸ்தாயியையும் கீழிடும் புள்ளி மந்தர ஸ்தாயியையும் உணர்த்தும். பிற மொழிகளில் இப்புள்ளி வெறும் அடையாளமே. தமிழிலோ மேற்புள்ளி பெற்ற உயிர்மெய் மெய்யாகிவிடும். தார ஸ்தாயி பஞ்சமத்தை எழுதின் அது ‘ப்’ என நிற்கும். ஈய எழுத்துக் காலத்தில் ஸ், க், ம், ப், த் என்பன அச்சுக்கோப்பாளன் பெட்டியில் முன்னரே இருந்தமையின் அவற்றைச் சுரமாக வைத்தல் எளிது. மேற்புள்ளியுடன் கூடிய ரி, நி என்பனவும் கீழ்ப்புள்ளி பெற்ற ஏழும் தமிழுரைநடைக்கு வேண்டாத எழுத்துகளாதலின் பெட்டியில் இருப்பதில்லை. அவற்றைத் தனியே வார்த்தல் வேண்டும். அல்லது அச்சிட்ட பின் கையாற் புள்ளியிடல் வேண்டும். ஒரு புள்ளி தவறினும் பாட்டு ஒரு ஸ்தாயி கீழே விழும்.

கணினி வந்தபோது இவ்விடர்ப்பாடுகள் நீங்குமென எதிர்பார்க்கப்பட்டது. எழுத்தை வார்க்க வேண்டுவதில்லை, வரைந்தாற் போதும். ஆனால் வரைந்த எழுத்துக்கு எந்த எண்ணைக் கொடுப்பது என்ற புதிய வினா எழுந்தது. தமிழெழுத்துருக்களை ஆக்கியோர் ஆங்கில எழுத்துகளின் இடங்களிலே தமிழ் வடிவங்களை ஏற்றி வைத்தனர். இலங்கையிலும் புலம்பெயர்ந்தோர் மத்தியிலும் பெருவழக்குப் பெற்ற பாமினி எழுத்துரு இத்தகையது. அதிற் ‘பதுளை’ என எழுத வேண்டின் ஆங்கிலத்து ஜீ, பெரிய ஜே, ஐ, எஸ் என்ற நான்கு விசைகளையும் வரிசையாக அழுத்த வேண்டும். கணினி சேமித்து வைப்பது அந்நான்கு ஆங்கில எழுத்துகளையே. பாமினி உள்ள கணினியில் அவை பதுளையாகத் தோன்றும். இல்லாத கணினியிற் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகக் கிடக்கும்.

இசைக்குறிகளுக்கும் இதுவே நேர்ந்தது. 1986இல் அடோபி நிறுவனம் வெளியிட்ட சொனாட்டா என்னும் இசையெழுத்துரு ஆங்கில விசைகளின் இடத்திற் சுரக்குறிகளை வைத்தது. அரைச்சுரத்துக்குரிய ஆங்கிலப் பெயரின் முதலெழுத்தாகிய ‘எச்’ அரைச்சுரக் குறியாயிற்று. அதே ‘எச்’ பாமினியில் ஆகார நெடிலைக் குறிக்கும் காலாகும். ஆகவே கோட்டுக் குறியீட்டின் கீழ்த் தமிழ்ச் சொற்களை இட்டு அமைத்த ஒரு பக்கத்தில் ‘எச்’ என்னும் ஒரே எண் மேலே சுரமாகவும் கீழே காலாகவும் நின்றது. எழுத்துருக்கள் இரண்டும் உடனிருக்கும்வரை குழப்பமில்லை. அப்பக்கத்தை அவ்வெழுத்துருக்கள் இல்லாத பதிப்பகத்துக்கு அனுப்பினால், பதிப்பகத்துக் கணினி தன்னிடமுள்ள வேறோர் எழுத்துருவை அவ்விடத்தில் இட்டுக்கொள்ளும். சுரமும் சொல்லும் ஒருங்கே அழியும். எட்டையபுரத்துக்கும் லயத்துக்கும் இடையிலிருந்த பழைய இடைவெளியே புதுக்கோலம் பூண்டு வந்ததென்க.

இச்சிக்கலை அவிழ்த்த கருத்து யாதெனின், எழுத்து வேறு, எழுத்தின் வடிவம் வேறு என்னும் தெளிவாகும். பதுளை என்னும் பெயரே இதற்குத் தக்க சான்று. ணை, லை, ளை, னை என்னும் நான்கும் பழைய அச்சில் முன்புறம் துதிக்கை போன்ற சுழியுடன் எழுதப்பட்டன. 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்த ஆணையின் பின்னர் தமிழகத்தில் அவை இன்றைய வடிவைப் பெற்றன. மலை, தேயிலை, பதுளை என ஊவாவின் வாழ்வைக் குறிக்கும் சொற்களே அவ்வடிவ மாற்றத்துக்கு உள்ளாயின. ஆயினும் பழைய வடிவிற் படித்தவரும் புதிய வடிவிற் படிப்பவரும் ஒரே ஊரையே அறிந்தனர். வடிவம் இரண்டு, எழுத்து ஒன்று. எண்ணை எழுத்துக்கு வழங்கி வடிவத்தை எழுத்துருவுக்கு விட்டுவிடின் எந்தக் கணினியிலும் எழுத்து அழியாது.

1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. எனினும் அதனை எழுத்துக் கூட்டிக் காட்டவல்ல கணினிகள் பரவுவதற்குப் பத்தாண்டுகள் சென்றன. அக்காலத்தில் 1999ஆம் ஆண்டுச் சென்னை மாநாட்டின் தாம், தாப் குறியீடுகளும் இணையவழி உருவான திஸ்கி குறியீடும் வழங்கின. 2008இல் இலங்கையின் தமிழ்க் குறியீட்டுத் தரநிர்ணயமும் ஒருங்குறியைத் தழுவியே அமைந்தது. பழைய கோப்புகளை மாற்றுவதில் மட்டும் ஓர் எச்சரிக்கை வேண்டும். பாமினியில் ஐகாரக் குறி கண்ணுக்குத் தோன்றும் முறைப்படி மெய்க்கு முன்னே நிற்கும். ஒருங்குறியில் ஒலிப்பு முறைப்படி மெய்க்குப் பின்னே நிற்கும். வரிசையை மாற்றாது எண்ணை மட்டும் மாற்றினாற் பதுளை ‘பதுைள’ ஆகிவிடும். பாடற் றொகுதியொன்றை இவ்வாறு மாற்றும்போது ஐகார, எகர, ஏகார, ஒகர, ஓகாரச் சொற்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தல் பதிப்பாசிரியன் கடமையாகும்.

இசைக்குறிகள் இத்தெளிவை அடையச் சற்றுத் தாமதமாயிற்று. ஐரோப்பிய இசைக்குறிகள் 2001இல் ஒருங்குறியில் இடம்பெற்றன. 2004இல் மியூசிக் எக்ஸ்எம்எல் என்னும் பொதுக்கோப்பு முறை வெளிவந்தது. அது குறியின் வடிவத்தை எழுதாது அதன் பொருளை எழுதும்: இன்ன சுரம், இன்ன ஸ்தாயி, இத்தனை அலகு, கீழே இன்ன அசை என்றவாறு அமையும். 2013இல் ஸ்மபிள் என்னும் இசையெழுத்துரு ஒழுங்கும் அதனைத் தழுவிய பிரவுரா எழுத்துருவும் வெளியாயின. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட இசைக்குறிகளுக்கு அவ்வொழுங்கு நிலையான இடங்களை வகுத்தது. ஓர் எழுத்துருவில் எழுதியதை அவ்வொழுங்கைப் பின்பற்றும் வேறோர் எழுத்துருவில் திறப்பினும் குறி மாறாமை இதன் பயன்.

எனினும் பொதுமுறையைக் கைக்கொள்ளாது ஒரு மென்பொருளை மட்டும் நம்புதல் எத்துணை இடருடையது என்பதை அண்மை வரலாறு காட்டியது. 1988இல் தோன்றி உலகெங்கும் பதிப்பாளர் பயன்படுத்திய பினாலே என்னும் இசையமைப்பு மென்பொருளின் வளர்ச்சி நிறுத்தப்படுவதாக 2024 ஆகத்தில் அறிவிக்கப்பட்டது. முப்பத்தாறாண்டுக் கோப்புகளை வைத்திருந்தோர் அவற்றைப் பொதுமுறைக்கு மாற்ற விரைந்தனர். மாற்றாதவரின் கோப்பு, எழுத்துப் பெட்டி தொலைந்த அச்சுக்கோப்புக்கு ஒப்பாகும்.

தமிழ்ச் சுரமுறைக்கோ இத்தகைய ஒழுங்கு இன்னும் முழுமையாக வாய்க்கவில்லை. மேற்புள்ளிக்கு மெய்ப்புள்ளியின் எண்ணையே இட்டால், கண் அதனைத் தார ஸ்தாயி எனக் காணும். கணினி அதனை மெய்யெழுத்தெனவே கொள்ளும். தேடுவோர்க்கும் வேறெழுத்துக்கு மாற்றுவோர்க்கும் சுரம் மறைந்துவிடும். பொதுவான இணைப்புப் புள்ளியை இட்டாற் பொருள் சரியாகும். ஆயின் பல தமிழெழுத்துருக்கள் அப்புள்ளிக்குரிய இடத்தை வகுத்து வைக்காமையின் அது விலகியோ வட்டமொன்றின்மேலோ தோன்றும். பொருளைக் காப்பின் வடிவம் சிதைகின்றது. வடிவத்தைக் காப்பின் பொருள் கெடுகின்றது.

இந்நிலையிற் பதிப்பகத்துக்குப் பிரதி அனுப்புவோர்க்கு வரலாறு ஒரு வழியைக் காட்டுகின்றது. ஈயவெழுத்தும் கல்லச்சும் ஒன்றையொன்று விலக்கவில்லை. ஒன்று இயலாத இடத்தில் மற்றொன்று பயன்பட்டது. அவ்வாறே பொருளும் வடிவமும் தனித்தனிக் கோப்புகளாக ஒருங்கே அனுப்பப்படல் வேண்டும். சொற்கள் ஒருங்குறியிலும் மெட்டு மியூசிக் எக்ஸ்எம்எல் போன்ற பொதுமுறையிலும் இருப்பது பொருட்கோப்பு. எழுத்துருக்களை உள்ளே பொதிந்த பிடிஎப் பக்கம் வடிவக்கோப்பு. எழுத்துருவைப் பொதிய உரிமம் இடந்தராவிடின் எழுத்துகளை வெறும் கோடுகளாக மாற்றி அனுப்புதலும் உண்டு. அப்பக்கம் கல்லச்சைப் போல் வடிவம் பிழையாது அச்சாகும். ஆயின் அதில் ஒரு சொல்லையும் தேடவியலாது. எனவே அதனை மட்டும் சேமித்து மற்றதைக் கைவிடுதல் தகாது. தமிழ்ச் சுரமுறையில் எழுதியவர் எப்புள்ளி எதனைக் குறிக்கும் என ஒரு பக்கக் குறிவிளக்கத்தையும் சேர்த்தல் வேண்டும். சங்கீத சம்பிரதாய பிரதர்சினி தன் குறிகளை முகப்பில் விளக்கி வைத்தமையாலன்றோ அடுத்த நூற்றாண்டிலும் படிக்கப்படுகின்றது.

ஊவாத் தோட்டப் பாடல்களைப் பொறுத்தவரை இன்னுமொன்று கூறுதல் அவசியம். ஒப்பாரியும் தாலாட்டும் தாளக்கட்டுக்கு முற்றும் அடங்குவனவல்ல. பாடுபவரின் மூச்சுக்கேற்ப அவை நீளும், குறுகும். கோட்டுக் குறியீடாயினும் ஏழெழுத்துக் குறியீடாயினும் அதனை முற்றாகப் பிடிக்கவல்லதன்று. ஒலிப்பதிவே முதன்மைச் சான்று. ஆனால் ஒலிப்பதிவு உண்டெனக் குறியீட்டை விலக்குதலும் பொருந்தாது. இரு தோட்டங்களின் தாலாட்டை ஒப்பிடவும், பசறையிற் பாடியதையும் தமிழகத்துக்குத் திரும்பியோர் பாடியதையும் அருகருகே வைத்து ஆராயவும், ஒரு பாடசாலை மாணவி அதனை மீண்டும் பாடிப் பார்க்கவும் எழுதிய வடிவமே துணைசெய்யும்.

முன்னையோர் மெட்டை எழுதாது விட்டமைக்கு அச்சகத்தின் வறுமை ஒரு காரணமாயிற்று. அக்காரணம் இன்று பெருமளவு நீங்கியுள்ளது. எழுத்தை வார்க்க அரசரின் கொடை வேண்டியதில்லை. கட்டணமின்றிக் கிடைக்கும் இசையெழுத்துருக்களும் மென்பொருள்களும் உண்டு. பதுளையிற் பல்கலைக்கழகமே 2005 முதல் இயங்குகின்றது. எஞ்சியிருப்பது பாடத் தெரிந்த முதியோரின் ஆயுள் மட்டுமே. அவ்வாயுள் நீளும் காலத்துக்குள் ஒரு தொகுதியேனும் சொல்லும் மெட்டுமாகப் பதிப்பிக்கப்படுமாயின், மலையகப் பாட்டின் மறுபாதியும் ஏட்டில் ஏறியதாகும். அன்றேல் அடுத்த தலைமுறை தாலாட்டை வாசிக்கும், பாடாது.